சிரித்த முகம் சிவந்த நாள்!

டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கைக் கதை

அது 1957-ம் ஆண்டு, செப்டம்பர் மாதம் 17-ந் தேதி.

அமெரிக்காவின் வடகோடியில், கனடா நாட்டை ஒட்டி இருக்கிறது வடக்கு டகோட்டா மாநிலம். அங்கே கிராண்ட் போர்க்ஸ் என்று ஓர் ஊர். கோதுமை விளையும் பூமி. அந்த ஊரில் அன்று இரவு ஒரு கச்சேரி. வாசிக்க வந்திருந்தவர் சாதாரண மனிதர் அல்ல. உலகப் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்!

அவருடைய வாத்தியத்தின் பெயர் டிரம்பெட். பித்தளையால் ஆன ஊதுகுழல் அது. கல்யாண ஊர்வலத்தில் பாண்டு வாத்தியக்காரர்கள் ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வாத்தியம்தான். ஆனால் ஆம்ஸ்ட்ராங் அதை வாயில் வைத்தால், கேட்டவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள், எழுந்து ஆடினார்கள். "ஜாஸ்" என்ற இசைக்கு அவரே மன்னர் என்று உலகம் கொண்டாடியது.

எப்போதும் சிரித்த முகம். கையில் வெள்ளைக் கைக்குட்டை. கரகரத்த குரல். இதுதான் உலகம் அறிந்த ஆம்ஸ்ட்ராங்.

அந்தச் சிரித்த முகம் அன்று கோபத்தால் சிவந்தது. மறுநாள் அமெரிக்கா முழுவதும் அதே பேச்சு!

ஏன் கோபம்? யார் மேல் கோபம்? அதை அறிய வேண்டுமானால், அவர் வந்த பாதையை முதலில் அறிய வேண்டும்.

பஸ்தான் வீடு

ஆம்ஸ்ட்ராங்கின் கோஷ்டி சிறியது. அவரைச் சேர்த்து ஆறு வாத்தியக்காரர்கள். பாடுவதற்கு வெல்மா மிடில்டன் என்ற பெண்மணி. சாமான்களைக் கவனிக்கவும், கணக்குப் பார்க்கவும் சில ஆட்கள். அவ்வளவுதான்.

ஆண்டுக்கு ஏறக்குறைய 300 நாட்கள் அவர்கள் ஊர் ஊராகச் சுற்றினார்கள். ஓர் இரவு ஓர் ஊர். கச்சேரி முடியும். பெட்டிகளைக் கட்டுவார்கள். பஸ்ஸில் ஏறுவார்கள். விடிந்தால் வேறு ஊர்! உட்கார்ந்தபடியே தூக்கம். கிடைத்த இடத்தில் சாப்பாடு. மேடையில் பளபளக்கும் கோட்டுப் போட்டு நிற்கிறவர்கள், பகலில் கசங்கிய சட்டையுடன் பஸ் ஜன்னலில் தலைசாய்த்துக் கிடப்பார்கள்.

இது எல்லாக் கோஷ்டிக்கும் உள்ள கஷ்டம். கறுப்பர்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது.

அந்தக் காலத்தில், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், ரயிலில் தனிப் பெட்டி, தனிக் குடிநீர்க் குழாய். வெள்ளையர் ஓட்டலில் அவர்களுக்கு அறை கிடையாது. ஆம்ஸ்ட்ராங் பெரிய பெரிய ஓட்டல்களின் மண்டபத்தில் வாசித்தார். கூட்டம் கைதட்டியது. கச்சேரி முடிந்ததும், அதே ஓட்டலில் படுக்க இடம் இல்லை! கறுப்பர்கள் வாழும் பகுதிக்குப் போய், யாராவது ஒருவர் வீட்டில் தங்குவார்கள். சாப்பாடு வேண்டுமானால் சமையல் கட்டின் பின்வாசலில் போய் நிற்க வேண்டும்.

புகழ் வந்த பிறகு ஆம்ஸ்ட்ராங் ஒரு முடிவு செய்தார். தங்க இடம் தராத ஓட்டலில் வாசிப்பது இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்தார்.

கிராண்ட் போர்க்ஸ் நகரில் அவர் தங்கியது டகோட்டா ஓட்டல். ஊரிலேயே பெரிய ஓட்டல் அது. அங்கே அதற்கு முன் கறுப்பர் எவரும் தங்கியதில்லை.

திரைக்குப் பின்னால்

கச்சேரிக்கு முன் ஆம்ஸ்ட்ராங்கின் அறைக்குள் எட்டிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

தலையில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டியிருப்பார். முன்னால் ஒரு வரிசை மருந்துப் புட்டிகள். தொண்டைக்குத் தேனும் கிளிசரினும். உதட்டுக்கு ஒரு களிம்பு. அது ஜெர்மனியிலிருந்து வரும். வயிற்றுக்கு மூலிகைப் பேதி மருந்து. இந்தப் பேதி மருந்தில் அவருக்கு அபார நம்பிக்கை. பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்புவார்!

உதட்டுக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்பு? டிரம்பெட்டில் உச்ச ஸ்தாயியை எட்ட வேண்டுமானால், இரும்பு போன்ற ஊதுவாயை உதட்டில் அழுத்திப் பிடித்து ஊத வேண்டும். இளமையில் ஆம்ஸ்ட்ராங் கணக்குப் பார்க்காமல் ஊதினார். உதடு வெடித்து ரத்தம் கொட்டியது. 1934-ம் ஆண்டில் பாரிஸ் நகரில் சில மாதங்கள் டிரம்பெட்டைத் தொடாமல் இருக்க நேர்ந்தது. அந்தத் தழும்பு கடைசி வரை மறையவில்லை. அதனால் தினமும் களிம்பு, தினமும் பயிற்சி.

அறையின் மூலையில் ஒரு டைப்ரைட்டர் இருக்கும். நேரம் கிடைத்தால் கடிதம் அடிப்பார். முகம் தெரியாத ரசிகருக்கும் பக்கம் பக்கமாகப் பதில் போகும். பக்கத்தில் ஒரு டேப் ரிக்கார்டர். பாட்டு, சிரிப்பு, நண்பர்களின் அரட்டை எல்லாவற்றையும் பதிவு செய்வார். நாடாப் பெட்டிகளின் மேல் படங்களை வெட்டி ஒட்டி அழகு பார்ப்பார்.

வாசலில் கூட்டம் நிற்கும். ரசிகர்கள், பழைய சிநேகிதர்கள், கஷ்டப்பட்டவர்கள். கையெழுத்துக் கேட்டவர்களுக்குக் கையெழுத்து. பணம் கேட்டவர்களுக்குப் பணம். வெறுங்கையுடன் போனவர்கள் குறைவு.

பசி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

போர்க்களத்தில் பிறந்த பிள்ளை

தென் அமெரிக்க மாநிலம் அல்ல. அமெரிக்காவின் தென் பகுதியில் உள்ள மாநிலம் லூயிசியானா. அதன் பெரிய நகரம் நியூ ஆர்லியன்ஸ். மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள துறைமுகம். அங்கே 1901-ம் ஆண்டு, ஆகஸ்டு 4-ந் தேதி லூயி பிறந்தார்.

அவர் தம் பிறந்த நாளை 1900-ம் ஆண்டு ஜுலை 4 என்றே சாகும் வரை நம்பினார். அது அமெரிக்காவின் சுதந்திர தினம். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான், மாதா கோவில் பதிவேட்டில் உண்மைத் தேதி கண்டுபிடிக்கப்பட்டது.

குழந்தை பிறந்த சிறிது காலத்திலேயே தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பாட்டி ஜோசபின் சில ஆண்டுகள் வளர்த்தாள். பிறகு தாய் மேயனிடம் வந்து சேர்ந்தான் லூயி. அவர்கள் குடியிருந்த பகுதிக்கு ஊரார் வைத்த பெயர் "போர்க்களம்"! கத்திக்குத்தும் துப்பாக்கிச் சூடும் அங்கே அன்றாட நிகழ்ச்சி.

தாய் வீட்டு வேலை செய்து பிழைத்தாள். சிவப்பு மொச்சையையும் சோற்றையும் சேர்த்துச் சமைப்பாள். பிற்காலத்தில் லூயி பெரிய பெரிய விருந்துகளைச் சாப்பிட்டார். ஆனால் அந்தச் சோற்றுக்கு ஈடாக எதையும் அவர் மதிக்கவில்லை.

அந்தத் தெருக்களில் பழைய சாமான் வாங்கி விற்கும் யூதக் குடும்பம் ஒன்று இருந்தது. கர்னாப்ஸ்கி குடும்பம். லூயி அவர்களுடைய வண்டியில் வேலைக்குச் சேர்ந்தான். தகரக் குழல் ஒன்றை ஊதி, வண்டி வருகிறது என்று ஊருக்கு அறிவிப்பது அவன் வேலை. வேலை முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துச் சென்று சோறு போட்டார்கள்.

ஒரு நாள் அடகுக் கடையில் பழைய கார்னெட் ஒன்றைப் பார்த்தான் லூயி. டிரம்பெட்டுக்குத் தம்பி போன்ற வாத்தியம் அது. விலை 5 டாலர். கர்னாப்ஸ்கி குடும்பத்தார் முன்பணம் கொடுத்து உதவினார்கள். வாத்தியம் கைக்கு வந்தது!

அந்த நன்றியை லூயி மறக்கவில்லை. கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்ற அவர், யூதர்களின் நட்சத்திரச் சின்னத்தை வாழ்நாள் முழுவதும் கழுத்தில் அணிந்திருந்தார்.

ஒரு துப்பாக்கி வெடி

1912-ம் ஆண்டின் கடைசி இரவு. புத்தாண்டை வரவேற்று ஊரே வேட்டுப் போட்டது. லூயிக்கு வயது 11. வீட்டில் இருந்த கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தான். வானத்தை நோக்கிச் சுட்டான்.

போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். மறுநாள், கறுப்புச் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தார்கள். புத்தாண்டின் முதல் நாளே சிறைவாசம்!

வாழ்க்கை அத்துடன் முடிந்தது என்று எண்ணி அழுதான் சிறுவன். ஆனால் வாழ்க்கை அங்கேதான் ஆரம்பமாயிற்று.

அந்தப் பள்ளியில் ஒரு பாண்டு வாத்தியக் குழு இருந்தது. வாத்தியார் பெயர் பீட்டர் டேவிஸ். "போர்க்களத்"தில் இருந்து வந்த பையன் என்பதால் முதலில் லூயியை அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு கஞ்சிராப் போன்ற ஒரு வாத்தியத்தைக் கொடுத்தார். அடுத்து மேளம். அடுத்து ராணுவத்தார் ஊதும் பியூகிள். கடைசியில் கார்னெட்! சிறிது காலத்தில் குழுவுக்கே லூயி தலைவன் ஆனான்.

ஒரு நாள் அந்தக் குழு லூயி பிறந்து வளர்ந்த தெரு வழியே அணிவகுத்துச் சென்றது. முன்னால் கம்பீரமாக லூயி! தெரு ஜனங்கள் ஓடி வந்தார்கள். சூதாடிகளும் ரவுடிகளும்கூடத் தொப்பியில் காசு போட்டார்கள். பையன்களுக்குப் புது உடுப்பும் புது வாத்தியங்களும் வாங்கும் அளவுக்குக் காசு சேர்ந்ததாம்.

1914-ம் ஆண்டு ஜுன் மாதம் விடுதலை. பகலில் நிலக்கரி வண்டி ஓட்டினான். இரவில் கார்னெட் ஊதினான்.

குடும்பத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தி, ஆண் குழந்தை ஒன்றை விட்டுவிட்டு இறந்துபோனாள். குழந்தையின் பெயர் கிளாரன்ஸ். லூயியே அப்போது சிறுவன். ஆனாலும் அந்தக் குழந்தையைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டான். பிறகு ஒரு நாள், மழையில் வழுக்கி மாடித் தாழ்வாரத்திலிருந்து குழந்தை கீழே விழுந்தது. தலையில் அடிபட்டு, புத்தி வளர்ச்சி நின்றுவிட்டது. லூயி கைவிடவில்லை. கிளாரன்ஸை மகனாகவே பாவித்துக் கடைசி வரை காப்பாற்றினார்.

குரு அழைத்தார்

நியூ ஆர்லியன்ஸ் நகரில் அப்போது கார்னெட் வாத்தியத்தில் கொடிகட்டிப் பறந்தவர் ஜோ ஆலிவர். "அரசர் ஆலிவர்" என்றே ஊரார் அழைத்தார்கள். ஆலிவருடைய வீட்டுக்கு லூயி எடுபிடி வேலை செய்தான். பதிலுக்கு அவர் பாடம் சொல்லிக் கொடுத்தார். தமது பழைய கார்னெட் ஒன்றையும் கொடுத்தார். லூயிக்கு அவர் தந்தையானார்.

ஆலிவர் வடக்கே சிகாகோ நகருக்குப் போய்விட்டார். லூயி ஆற்றில் ஓடும் உல்லாசக் கப்பல்களில் வாசித்தார். 1922-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் குருவிடமிருந்து தந்தி வந்தது. உடனே புறப்பட்டு வா என்று அழைப்பு!

ரயிலில் கறுப்பர்களுக்குச் சாப்பாட்டு வசதி இல்லை. தாய் மேயன் ரொட்டிக்கு நடுவே மீன் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். மீன் பொட்டலமும் வாத்தியப் பெட்டியுமாக 21 வயது லூயி ரயில் ஏறினார்.

சிகாகோவில் சீடனின் ஊதல் குருவின் ஊதலையே மிஞ்சியது. அதே கோஷ்டியில் பியானோ வாசித்த லில் ஹார்டினை 1924-ம் ஆண்டு மணந்தார். தனியாக நின்று பெயர் எடுக்க வேண்டும் என்று தூண்டியவர் அந்த அம்மையார்தான்.

1925-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி, ஐந்து பேர் கொண்ட சொந்தக் கோஷ்டியின் பெயரில் முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். அதுவரை ஜாஸ் என்றால் எல்லோரும் சேர்ந்து வாசிப்பது என்று இருந்தது. ஒருவர் தனியே முன்வந்து, மனத்தில் ஊறும் கற்பனையை அங்கேயே வாசித்துக் காட்டலாம் என்று ஆம்ஸ்ட்ராங் நிரூபித்தார். பாட்டின் நடுவே பொருள் இல்லாத ஒலிகளைக் கோத்துப் பாடும் முறையையும் பரப்பினார். இன்று உலகம் கேட்கும் எத்தனையோ இசைக்கு அந்தத் தட்டுகள்தான் அஸ்திவாரம்.

சொந்த ஊரில் அவமானம்

1931-ம் ஆண்டு பெரும் புகழுடன் நியூ ஆர்லியன்ஸ் திரும்பினார். ரயில் நிலையத்தில் அமோக வரவேற்பு. முதல் நாள் கச்சேரி வானொலியில் ஒலிபரப்பாக இருந்தது. வெள்ளையர்கள் உள்ளே. கறுப்பர்களுக்கு உள்ளே இடமில்லை. வெளியே ஆயிரக்கணக்கில் திரண்டு நின்றார்கள்.

அப்போது வானொலி அறிவிப்பாளர் ஒரு காரியம் செய்தார். ஒரு கறுப்பனின் பெயரை என் வாயால் அறிவிக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார்!

ஆம்ஸ்ட்ராங் சண்டை போடவில்லை. ஒலிபெருக்கியை நோக்கி நடந்தார். தம்மைத் தாமே அறிவித்துக்கொண்டார். கைதட்டல் கட்டிடத்தை அதிரவைத்தது.

அதே ஆண்டு மெம்பிஸ் நகரில் இன்னொரு சம்பவம். கோஷ்டியின் பஸ்ஸில் மானேஜரின் மனைவியும் இருந்தார். அவர் வெள்ளைக்காரப் பெண்மணி. கறுப்பு வாத்தியக்காரர் ஒருவரின் அருகே அவர் உட்கார்ந்திருந்தார் என்பதற்காகக் கோஷ்டி முழுவதையும் போலீசார் பிடித்துப் போனார்கள்!

ஆம்ஸ்ட்ராங் எல்லாவற்றையும் விழுங்கினார். மேடையில் சிரித்தார்.

டாக்சியைக் காக்கவைத்த கணவர்

1942-ம் ஆண்டு லூசில் என்ற நாட்டியப் பெண்மணியை மணந்தார். அவர்களுடைய இல்வாழ்க்கையும் ஊர் ஊராகவே கழிந்தது. முதல் கிறிஸ்துமஸ் ஒரு ஓட்டல் அறையில் வந்தது. லூசில் ஒரு சிறிய மரம் வாங்கி விளக்கு வைத்து அலங்கரித்தார். ஆம்ஸ்ட்ராங் படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 41 வயதில், அவருக்கு வாய்த்த முதல் கிறிஸ்துமஸ் மரம் அது. ஊரை விட்டுக் கிளம்பியபோது, மரத்தையும் கூடவே எடுத்துப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்!

மறு ஆண்டு, அவர் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, நியூயார்க் நகரின் கொரோனா பகுதியில் லூசில் ஒரு வீடு வாங்கிவிட்டார். பயணம் முடிந்த ஆம்ஸ்ட்ராங் டாக்சியில் வந்து இறங்கினார். தமக்குச் சொந்த வீடு என்பதை அவரால் நம்ப முடியவில்லை. டாக்சியைக் காத்திருக்கும்படி சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது மனைவி! பிறகு டாக்சிக்காரரையும் உள்ளே அழைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பினார்.

தொழிலாளிகள் வாழும் தெரு அது. கையில் எவ்வளவு பணம் சேர்ந்தபோதும் அந்த வீட்டை விட்டு அவர் போகவில்லை.

நம்மவர்களே ஏசினார்கள்

1950-க்குப் பிறகு காலம் மாறியது. கறுப்பர்கள் உரிமை கேட்டு எழுந்தார்கள். இளம் இசைக் கலைஞர்களில் சிலர் ஆம்ஸ்ட்ராங்கை ஏசினார்கள். வெள்ளையரைக் குஷிப்படுத்தப் பல்லைக் காட்டுகிறவர் என்றார்கள். உரிமைப் போரில் வாய் திறக்காத கோழை என்றார்கள்.

இன்னொரு பக்கம், வெறி பிடித்த வெள்ளையர்கள். 1957-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நாக்ஸ்வில் நகரில் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, மண்டபத்துக்கு வெளியே வெடிகுண்டு வெடித்தது. கட்டிடம் குலுங்கியது. ஜனங்கள் எழுந்து ஓடப் பார்த்தார்கள். ஆம்ஸ்ட்ராங் அசையவில்லை. டெலிபோன் மணிதான் அடிக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து வாசித்தார்.

கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது என்று லூயிசியானா மாநிலம் 1956-ம் ஆண்டு சட்டம் போட்டது. ஆம்ஸ்ட்ராங் கோஷ்டியில் மேளம் வாசித்தவர் ஒரு வெள்ளைக்காரர். ஆகவே பிறந்த ஊரில் வாசிக்க மாட்டேன் என்று ஆம்ஸ்ட்ராங் ஒதுங்கிவிட்டார். ஆனால் மேடையில் அரசியல் பேசவில்லை.

பிறகு வந்தது லிட்டில் ராக்.

ஒன்பது மாணவர்கள்

லிட்டில் ராக் என்பது ஆர்க்கன்சா மாநிலத்தின் தலைநகரம். பள்ளிக்கூடங்களில் நிறப் பிரிவினை கூடாது என்று 1954-ம் ஆண்டு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதன்படி 1957-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், வெள்ளையர் பள்ளி ஒன்றில் ஒன்பது கறுப்பு மாணவ மாணவிகள் சேர வந்தார்கள்.

கவர்னர் பாபஸ் என்ன செய்தார்? மாநிலக் காவல் படையை அனுப்பி வாசலை மறித்தார்! தன்னந்தனியாகப் புத்தகத்துடன் நடந்து வந்த 15 வயதுப் பெண்ணை ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டு கூச்சல் போட்டது. அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. ஜனாதிபதி ஐசன்ஹோவர் உடனே நடவடிக்கை எடுக்கவில்லை. கவர்னருடன் பேசிக்கொண்டிருந்தார்.

மாணவர்களைச் சேர்த்தே தீரவேண்டும் என்று உத்தரவு போட்ட நீதிபதி யார் தெரியுமா? ரொனால்டு டேவிஸ். அவர் சொந்த ஊர் எது? அதே கிராண்ட் போர்க்ஸ்!

அறைக்குள் வந்த நிருபர்

செப்டம்பர் 17-ந் தேதி மாலை. ஓட்டல் அறையில் ஆம்ஸ்ட்ராங் இளைப்பாறிக்கொண்டிருந்தார். கல்லூரி மாணவர் ஒருவர் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபராக வேலை பார்த்தார். வயது 21. கச்சேரிக்கு முன் பேட்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் விடவில்லை. சாப்பாடு கொண்டு போன ஓட்டல் சிப்பந்தியுடன் சேர்ந்து அறைக்குள் நுழைந்துவிட்டார்!

அரசியல் கேட்காதே என்று ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். இசையைப் பற்றிப் பேச்சு ஓடியது. பிறகு நிருபர், நீதிபதி டேவிஸ் இந்த ஊர்க்காரர் என்று மெல்ல ஆரம்பித்தார். லிட்டில் ராக் பற்றிக் கேட்டார்.

அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்தது வெடித்தது!

ஜனாதிபதிக்குத் துணிச்சல் இல்லை என்றார். கவர்னரைப் படிப்பில்லாத பட்டிக்காட்டான் என்று ஏசினார். கறுப்பனுக்குச் சொந்த நாடு என்றே ஒன்று இல்லாமல் போய்விட்டதே என்று குமுறினார். சர்க்கார் சார்பில் ரஷ்யாவுக்கு இசைப் பயணம் போக அவரை எதிர்பார்த்திருந்தார்கள். என் மக்களை இப்படி நடத்துகிற சர்க்காருக்காகப் போக மாட்டேன் என்றார். தேசிய கீதத்தையே வசைச் சொற்கள் கலந்து பாடினார். கூட இருந்த வெல்மா பயந்து போய் அவரை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

பிறகு? உடை மாற்றினார். மேடை ஏறினார். வழக்கம் போல் சிரித்து வாசித்தார். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது.

நிருபர் செய்தியை அனுப்பினார். செய்தி நிறுவனத்தார் நம்பவில்லை. சிரித்த முகத்து ஆம்ஸ்ட்ராங் இப்படிப் பேசுவாரா? ஆதாரம் வேண்டும் என்றார்கள். மறுநாள் காலை நிருபர் மீண்டும் ஓட்டலுக்கு ஓடினார். ஆம்ஸ்ட்ராங் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

ஒரு நொடியில் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை போதும். ஒப்பந்தங்கள் தப்பும். பணம் தப்பும். பெயர் தப்பும்.

ஆம்ஸ்ட்ராங் எழுதியிருந்ததை முழுவதும் படித்தார். ஒன்றையும் நீக்கச் சொல்லவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்!

அதன் பிறகு

செய்தி காட்டுத்தீ போல் பரவியது. பத்திரிகை, வானொலி, டெலிவிஷன் எங்கும் அதே பேச்சு. தெற்கே ஒரு வானொலி நிலையம் அவருடைய இசைத்தட்டுகளைத் தூக்கி எறிந்தது. கச்சேரிகளைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். கறுப்புக் கலைஞர்களிலும் சிலர், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று குத்திக் காட்டினார்கள்.

பயணத்தைக் கவனித்த மானேஜர் பயந்தார். ஆம்ஸ்ட்ராங் சொன்னதற்கு வருந்துகிறார் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டார். ஆம்ஸ்ட்ராங் அதை உடனே மறுத்தார். சொன்னது சொன்னதுதான் என்றார்.

23-ந் தேதி ஒன்பது மாணவர்களும் பள்ளிக்குள் போனார்கள். வெளியே கும்பல் வெறியாட்டம் ஆடியதால் பாதி நாளில் வெளியேற்றப்பட்டார்கள். 24-ந் தேதி ஜனாதிபதி ராணுவத்தை அனுப்பினார். 25-ந் தேதி, ராணுவப் பந்தோபஸ்துடன் மாணவர்கள் வகுப்புக்குச் சென்றார்கள்.

ஆம்ஸ்ட்ராங் பேசியதால்தான் ராணுவம் வந்தது என்று சொல்ல முடியாது. கோர்ட்டு உத்தரவும், கும்பலின் அட்டகாசமும், ஒன்பது பிள்ளைகளின் நெஞ்சுரமும் காரணங்கள். ஆனால் நாடு வாய்மூடி நின்ற வேளையில், இழப்பதற்கு நிறைய வைத்திருந்த ஒருவர் வாய் திறந்தார். ஜனாதிபதி ராணுவத்தை அனுப்பியதும் அவரைப் பாராட்டித் தந்தியும் அடித்தார். தவறு கண்டபோது ஏசியவர், சரி கண்டபோது வாழ்த்தவும் தயங்கவில்லை.

62 வயதில் முதல் இடம்

சுற்றுப்பயணம் நிற்கவில்லை. 1959-ம் ஆண்டு இத்தாலியில் மாரடைப்பு. பிழைத்து எழுந்து மீண்டும் மேடை ஏறினார். 1961-ம் ஆண்டு, ஆப்பிரிக்கப் பயணத்தில் வெல்மா மிடில்டன் நோய்வாய்ப்பட்டு சியரா லியோன் நாட்டில் இறந்துபோனார். அந்தத் துயரத்தையும் தாங்கினார்.

1963-ம் ஆண்டு டிசம்பர் மாதம் "ஹலோ டாலி" என்ற நாடகப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்துவிட்டு, அதை மறந்தே போனார். சில மாதங்கள் சென்றன. எந்த ஊருக்குப் போனாலும், ஜனங்கள் அந்தப் பாட்டையே கேட்டார்கள். கோஷ்டியில் யாருக்கும் அது நினைவில்லை! தட்டை வாங்கிக் கேட்டு, மறுபடியும் கற்றுக்கொண்டார்கள். 1964-ம் ஆண்டு மே 9-ந் தேதி, அந்தத் தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது. அதற்கு முன் 14 வாரங்கள் முதல் இடத்தில் இருந்தவர்கள் யார்? பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இளைஞர்கள்!

அதே 1964-ம் ஆண்டு நிறப் பிரிவினையைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது. 1965-ம் ஆண்டு ஆம்ஸ்ட்ராங் பிறந்த ஊருக்குத் திரும்பினார். கறுப்பரும் வெள்ளையரும் கலந்த கோஷ்டியுடன் வாசித்தார்.

கடைசிக் கச்சேரி

1971-ம் ஆண்டு மார்ச் மாதம். நியூயார்க் நகரின் பெரிய ஓட்டல் ஒன்றில் இரண்டு வாரக் கச்சேரி. மேடையிலேயே உயிர் போகலாம் என்று டாக்டர் எச்சரித்தார். ஒப்புக்கொண்டேன், ஜனங்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார் ஆம்ஸ்ட்ராங். வாசித்து முடித்தார். பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

உடல் சிறிது தேறி வீடு திரும்பினார். ஜுலை 5-ந் தேதி, ஒத்திகை பார்க்க வேண்டும், கோஷ்டியைக் கூட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள், 6-ந் தேதி விடியற்காலை, கொரோனா வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது.

அந்த வீடு 2003-ம் ஆண்டு முதல் காட்சிசாலையாக இருக்கிறது. அவர் படம் ஒட்டிய நாடாப் பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன. பிறந்த ஊரின் விமான நிலையத்துக்கு 2001-ம் ஆண்டு அவர் பெயரையே வைத்தார்கள்.

அவர் பெயரை அறிவிக்க மாட்டேன் என்று 1931-ல் ஓர் அறிவிப்பாளர் மறுத்தார் அல்லவா? இன்று நியூ ஆர்லியன்ஸ் நகருக்குப் பறக்கும் பயணிகள் போய் இறங்குவது, லூயி ஆம்ஸ்ட்ராங் விமான நிலையத்தில்!